பூச்சு முடிந்த செங்கல் சுவரில் பைப்புக்குக் காடி வெட்ட எந்த மெஷின்?

கேள்வி இதுதான்: வீடு பூச்சு முடிந்து பெயின்டும் அடித்தாகிவிட்டது. இரண்டு அறைகளில் ஏசி பாயின்டும் கூடுதல் பிளக் பாயின்டும் வேண்டும். வெளிச்சுவர் ஒன்பது இஞ்ச், நடுச்சுவர் நாலரை இஞ்ச், இரண்டும் சேம்பர் செங்கல், அதாவது சூளையில் சுட்ட கெட்டிச் செங்கல். 25 மிமீ பிவிசி பைப் புதைக்கச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்ட வேண்டும். கையில் இருப்பது ஒரு நான்கு இஞ்ச் கிரைண்டர். மார்பிள் கட்டர் வாங்குவதா, ரோட்டரி ஹேமர் வாங்குவதா, இரண்டு பிளேடு ஓடும் வால் சேசரையே வாங்கிவிடுவதா?

இந்த அளவு வேலைக்கு வெட்டும் மெஷினை வாடகைக்கு எடுங்கள். பணம் போட்டு வாங்குவதென்றால் துளையும் போட்டு உளியும் ஓட்டும், மூன்று மோடு உள்ள இரண்டு கிலோ ரகத்து ரோட்டரி ஹேமரை வாங்குங்கள், அது பின்னாலும் வீட்டுக்கு உதவும். தூசி இழுக்கும் வேக்குவமும் சேர்த்து வால் சேசர் ஒரு நாள் வாடகைக்குக் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. கிடைக்காவிட்டால் ஐந்து இஞ்ச் பிளேடு போடும் மார்பிள் கட்டர். நான்கு இஞ்ச் கிரைண்டரில் ஒன்பது இஞ்ச் சுவரைச் சமாளிக்கலாம். நாலரை இஞ்ச் சுவருக்கு அது போதாது. ஏன் போதாது என்பது வாட்டில் இல்லை, ஆழக் கணக்கில் இருக்கிறது.

கடைக்குப் போகும் முன் அந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். உள்பூச்சு பெரும்பாலும் 12 முதல் 15 மிமீ. பைப்பின் வெளிவிட்டம் 25. பைப்புக்கு மேல் குறைந்தது 10 முதல் 15 மிமீ கலவை மூட வேண்டும், இல்லாவிட்டால் பைப் போன வழியெல்லாம் விரிசல் கோடு போட்டுக் காட்டிவிடும். ஆக, பூச்சின் மேல்முகத்திலிருந்து 35 முதல் 40 மிமீ ஆழம். அதில் 15 பூச்சுக்குள் போய்விடும், செங்கலுக்குள் இறங்குவது 20 முதல் 25 மட்டும். அகலம் 28 முதல் 30 மிமீ. பைப் கையழுத்தத்தில் உள்ளே போய், இரு பக்கமும் கலவை இறங்க இரண்டு மிமீ சந்து இருந்தால் போதும். இரண்டு பைப் அக்கம்பக்கம் போனால் 60 மிமீ அகலத்தில் ஒரே காடியாக வெட்டாதீர்கள். நடுவில் செங்கல் விட்டுத் தனித்தனிக் காடியாக வெட்டினால் மூடிய பூச்சு நன்றாகப் பிடித்து நிற்கும்.

சுவர் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 1905 ஒரு வரம்பு சொல்கிறது. பாரம் தாங்கும் சுவரில் செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. படுக்கைவசக் காடி ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒன்பது இஞ்ச் என்பது 230 மிமீ, அதற்கு இந்த வரம்புகள் 76 மிமீ, 38 மிமீ. கவலை இல்லை. நாலரை இஞ்ச் என்பது 110 மிமீ, அதற்கு 36 மிமீ, 18 மிமீ. மேலே போட்ட கணக்கில் செங்கலுக்குள் 25 மிமீ இறங்குகிறோம். செங்குத்தாக என்றால் வரம்புக்குள் இருக்கிறது, படுக்கைவசமாக என்றால் தாண்டிவிட்டது. பில்லர், பீம் போட்டுக் கட்டிய வீட்டில் நடுச்சுவர் பாரம் தாங்குவதில்லை, எனவே அங்கே இந்த விதி கட்டாயமில்லை என்பது உண்மை. ஆனாலும் நாலரை இஞ்ச் சுவரில் படுக்கைவசமாக நீளக் காடி இழுத்தால் சுவர் அந்தக் கோட்டில் மெலிந்துபோய், கதவை அடித்துச் சாத்தும் அதிர்வுக்கே விரிசல் விடும். பக்கத்து பிளக்கிலிருந்து குறுக்கே இழுத்தால் பைப் மிச்சம் என்று தோன்றும். அந்த மிச்சத்துக்காகச் சுவரைக் கெடுக்க வேண்டாம். மேலேயிருந்து ஓர் இறக்கமாக நேரே கொண்டுவாருங்கள். குறுக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் 20 மிமீ பைப் போட்டு, மேலே 12 மிமீ மட்டும் மூடி, செங்கலுக்குள் 17 மிமீயோடு நிறுத்துங்கள். சுவரின் மறுபக்கத்தில் அதே நேர்கோட்டில் இன்னொரு காடி வரக் கூடாது. இரண்டு பக்கமும் 25, 25 போனால் நடுவில் மிஞ்சுவது 60 மிமீ செங்கல்தான்.

இனி மெஷின். வட்ட பிளேடு எதுவானாலும் அதன் ஆரம் முழுவதும் சுவருக்குள் போகாது. நடுவில் இருக்கும் வாஷரும் கியர் தலையும் தடுக்கும். நான்கு இஞ்ச் கிரைண்டரில் பிளேடின் ஆரம் 50 மிமீ. பிளேடை மூடும் பாதுகாப்புக் கார்டோடு வெட்டினால் உருப்படியாகக் கிடைப்பது 20 முதல் 25 மிமீ. அதாவது பூச்சைத் தாண்டிச் செங்கலில் 10 மிமீதான் இறங்கும், மீதி 15 மிமீயை உளியால் எடுக்க வேண்டும். ஒன்பது இஞ்ச் சுவர் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். மேல் விளிம்பு பிளேடு போட்ட நேர்க்கோடாக இருப்பதால் உள்ளே கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும் பாதகமில்லை. நாலரை இஞ்ச் சுவரில் அந்த 15 மிமீ உளி வேலைதான் மறுபக்கத்துப் பூச்சை உப்ப வைக்கும்.

மார்பிள் கட்டரில் அடித்தட்டு இருக்கிறது. தட்டு சுவரில் படிந்து நகர்வதால் ஆழம் ஒரே சீராக வரும், பிளேடு சாயாது. 110 மிமீ பிளேடு போடும் மார்பிள் கட்டர் ஏறக்குறைய 34 மிமீ ஆழம் வெட்டும். 125 மிமீ பிளேடு போடுவது 40 மிமீயை ஒட்டி வெட்டும். நம் கணக்குக்கு இரண்டாவதுதான் பொருத்தம். கிடைமட்டக் கல்லை வெட்டச் செய்த மெஷின் இது, சுவரில் நிறுத்திப் பிடித்தால் முழு எடையும் கையில் இறங்கும். ஒரு கை பின்பிடியில், ஒரு கை முன்பக்கத்தில் வைத்துப் பிடித்தால்தான் கட்டுக்குள் நிற்கும். ஒற்றைக் கையால் வெட்டுவதைப் பல சைட்டுகளில் பார்க்கலாம். அப்படி வெட்டும் காடி வளைந்துதான் வரும், பிளேடு சிக்கினால் மெஷின் முகத்துக்கு நேரே வரும்.

வால் சேசர் இந்த வேலைக்கென்றே செய்தது. இரண்டு பிளேடு, நடுவில் அகலம் வைக்கும் வளையங்கள், முழுதாக மூடிய கூடு, வேக்குவம் குழாய் மாட்ட வாய், சுவரில் உருள உருளை. போஷ் ஜிஎன்எஃப் 35 சிஏ 1400 வாட், 150 மிமீ பிளேடு இரண்டு, ஆழம் 35 மிமீ வரை, அகலம் 3 முதல் 39 மிமீ வரை. மகிட்டா எஸ்ஜி1251ஜே அதே 1400 வாட்தான், ஆனால் 125 மிமீ பிளேடு, ஆழம் 30 மிமீ, அகலம் 6 முதல் 30 மிமீ. இந்த ஐந்து மிமீ வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பூச்சு முடிந்த சுவரில் 25 மிமீ பைப்புக்கு 35 மிமீ ஆழம் கிடைத்தால் மேலே 10 மிமீ மூடலாம். 30 என்றால் 5 மிமீதான் மிஞ்சும், அது நிற்காது. பூசாத சுவரில், அதாவது புது வீட்டில், 30 மிமீ தாராளம். வாடகைக்கு எடுக்கும்போது வாட்டைக் கேட்பதற்கு முன் ஆழத்தைக் கேளுங்கள்.

ஐந்து பிளேடு வரிசையாக மாட்டி ஒரே ஓட்டத்தில் காடியைப் பொடியாக்கும் மெஷின்களும் விற்கின்றன. உளி வேலை மிச்சம் என்பது அவற்றின் கவர்ச்சி. ஆனால் அகற்றும் செங்கல் பெரும்பகுதி தூளாகவே வெளியே வரும், மெஷின் கனம், மோட்டார் இழுக்கும் கரன்டும் அதிகம். குடியிருக்கும் வீட்டுக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். பேட்டரி கிரைண்டரைப் பற்றி ஒரு வரி போதும்: 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 72 வாட்-அவர், 700 வாட் இழுத்தால் ஆறு நிமிடத்தில் தீரும். ஒரு சுவிட்ச் பாக்ஸுக்குச் சரி, காடிக்கு ஆகாது.

கடைகளில் தவறாகத் தலையில் கட்டப்படுவது இம்பாக்ட் டிரில். துளை போட அது போதும், ஆனால் அதில் உளி ஓடாது. சுழலாமல் அடி மட்டும் கொடுக்கும் வசதி அதற்கு இல்லை. கேட்க வேண்டியது, பிட்டை உள்ளே தள்ளினால் பூட்டிக்கொள்ளும் எஸ்டிஎஸ் பிளஸ் வாய் உள்ள ரோட்டரி ஹேமர், அதிலும் மூன்று மோடு: துளை, அடியோடு துளை, அடி மட்டும். இரண்டே மோடு உள்ளவையும் அதே தோற்றத்தில் இருக்கும், மோடு குமிழில் உளிப் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 800 வாட், ஓர் அடியின் பலம் 2.5 ஜூல் அளவில் இருந்தால் இந்த வேலைக்கு அளவானது. எஸ்டிஎஸ் மேக்ஸ் வாயோடு ஐந்து கிலோவுக்கு மேல் வருபவை ஏழெட்டு ஜூல் அடிக்கும். கான்கிரீட் உடைக்க அது வேண்டும், நாலரை இஞ்ச் சுவரில் வைத்தால் செங்கலே கழன்று மறுபக்கம் விழும். உளி 20 மிமீ அகலத் தட்டை உளி ஒன்று, காடிக்கென்றே அரைக்குழாய் வடிவில் வரும் உளி ஒன்று, இரண்டும் இருந்தால் போதும்.

பிளேடில்தான் பாதி வேலை இருக்கிறது. ஓரம் முழுதும் இடைவெளி இல்லாமல் வட்டமாக இருக்கும் டைல் பிளேடைச் செங்கலில் போடாதீர்கள். தூள் வெளியே வர வழி இல்லாமல் பிளேடு சூடாகி, நீலம் பாய்ந்து, ஆட்டம் கொடுக்கும். பல் பல்லாக இடைவெளி விட்ட உலர் வெட்டு டயமண்ட் பிளேடு வேண்டும். கிரானைட்டுக்கு நன்றாக ஓடும் பிளேடு செங்கலில் சீக்கிரம் தேய்வதற்கும் காரணம் உண்டு. கிரானைட் கெட்டி, ஆனால் அராவும் தன்மை குறைவு. அதனால் வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகத்தை மெத்தென்று செய்வார்கள், அப்போதுதான் அது தேய்ந்து புது வைரம் வெளிவரும். செங்கல் அரத்தைப் போல் அராவும். அதே பிளேடைச் செங்கலில் ஓட்டினால் வைரம் பயன்படும் முன்பே உதிர்ந்துவிடும். செங்கல், கான்கிரீட் என்று போட்ட பொது உபயோக பிளேடு வாங்குங்கள். வெட்டு குறைந்து பிளேடு வழுக்க ஆரம்பித்தால் வைரம் மூடிக்கொண்டது என்று பொருள். சாலிட் பிளாக் துண்டு ஒன்றில் நாலைந்து முறை ஆழமில்லாமல் ஓட்டினால் மறுபடி பிடிக்கும். பிளேடில் உள்ள அம்பு, மெஷின் சுழலும் திசையோடு ஒத்துப்போக வேண்டும்.

பிளேடின் நடுத்துளை அளவும் வேறுபடும். நான்கு இஞ்ச் கிரைண்டருக்கு 16 மிமீ துளை, 110 மிமீ மார்பிள் கட்டருக்கு 20 மிமீ, ஐந்து இஞ்ச் கிரைண்டருக்கு 22.23 மிமீ. பெரிய துளை பிளேடைச் சின்னத் தண்டில் வளையமின்றி மாட்டினால் மையம் விலகி அடிக்கும், பேரிங் போகும். ஆழம் போதவில்லை என்று நான்கு இஞ்ச் கிரைண்டரில் கார்டைக் கழற்றிவிட்டு ஐந்து இஞ்ச் பிளேடு மாட்டுவது நம் ஊரில் சகஜமாகிவிட்டது. 125 மிமீ பிளேடுக்கு நொடிக்கு 80 மீட்டர் ஓர வேகம் என்ற வரம்பு நிமிடத்துக்கு 12,200 சுற்று. சின்ன கிரைண்டர் சும்மா ஓடுவதே 11,000, 12,000 சுற்றில். வரம்பின் விளிம்பிலேயே ஓடுகிறது, கார்டும் இல்லை. இதைச் செய்யாதீர்கள். மார்பிள் கட்டர் தண்டில் வாஷர் வைத்து இரண்டு பிளேடு மாட்டுவதும் இதே வகை ஆபத்து. தண்டு ஒரு பிளேடுக்கான நீளம்தான், இரண்டாவது ஏறியதும் போல்ட் இரண்டு மூன்று மரையில்தான் பிடித்திருக்கும்.

தூசியைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் மெஷின் தேர்வை அதுதான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பிளேடு வெட்டு 2.5 மிமீ கனம். இரண்டு வெட்டு, 40 மிமீ ஆழம், ஒரு மீட்டர் நீளம் என்றால் 0.2 லிட்டர் சுவர் தூளாகிறது. எடையில் சுமார் 350 கிராம். நாலடி உயரத்து சுவிட்ச் பாக்ஸிலிருந்து பத்தடி உயரத் தளம் வரை ஓர் இறக்கம் 1.8 மீட்டர், அறைக்கு ஐந்து இறக்கம், இரண்டு அறை என்றால் 18 மீட்டர். ஆறு கிலோவுக்கு மேல் மாவு மாதிரியான தூள் வீட்டுக்குள் பறக்கும். செங்கலிலும் மணலிலும் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கித் தழும்பு உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைத் திருப்பிக் குணமாக்க மருந்து இல்லை. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, எட்டு மணி நேர வேலையில் காற்றில் இருக்கலாம் என்று விட்டிருக்கும் அளவு ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். உலர வெட்டும் கிரைண்டர் மூடிய அறையில் அந்த அளவைச் சில நிமிடங்களிலேயே தாண்டிவிடும்.

முகத்தில் கட்டும் துண்டும் கைக்குட்டையும் பெரிய தூளைத்தான் தடுக்கும். வேக்குவம் மாட்டிய வால் சேசரோடு என்95 முகமூடி போடுங்கள். கிரைண்டர், மார்பிள் கட்டர் என்றால் வடிகட்டிக் குப்பி மாட்டிய அரைமுக ரப்பர் முகமூடி. தாடி இருந்தால் எந்த முகமூடியும் ஒட்டாது, ஓரத்தில் காற்று புகும். வேக்குவத்திலும் கணக்கு உண்டு: கைக் கிரைண்டருக்கு ஓஷா சொல்லும் அளவு, பிளேடு விட்டத்தில் ஓர் இஞ்சுக்கு நிமிடத்துக்கு 25 கன அடி காற்று. ஐந்து இஞ்சுக்கு 125 கன அடி, அதாவது 3.5 கன மீட்டர். வீட்டு வேக்குவம் கிளீனர் ஒருவேளை இழுத்தாலும், அதன் வடிகட்டி இரண்டு மீட்டர் வெட்டுவதற்குள் அடைத்துவிடும். நுண்தூளை மோட்டார் வழியாக அறைக்குள்ளேயே திருப்பித் துப்பும். வடிகட்டியைத் தானே உதறிக்கொள்ளும் கட்டுமான வேக்குவமே சரி. வேலை செய்பவர் தவிர யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. கதவிடுக்கை ஈரத்துணியால் அடையுங்கள், வெளிஜன்னலைத் திறந்து வையுங்கள், ஃபேனைப் போடாதீர்கள். முடிந்த பிறகு துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூள் மறுபடி எழும், தண்ணீர் தெளித்தோ வேக்குவத்தாலோ எடுங்கள்.

தண்ணீர் விட்டு வெட்டினால் தூசியே வராதே என்று கேட்பீர்கள். தரையில் கல் வெட்டச் சரி. சுவரில் வெட்டும்போது தண்ணீர் கீழே வழிந்து மெஷினுக்குள் போகும், சுவருக்குள் இருக்கும் பழைய ஒயரிங்கிலும் இறங்கும். வேண்டாம்.

வெட்டும் முன் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இருக்கும் சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே பைப் வருகிறது என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டிலிருந்து இரு பக்கமும் அரை அடி தள்ளுங்கள். குளியலறைச் சுவரின் பின்பக்கம் என்றால் தண்ணீர்க் குழாய் எந்த உயரத்தில் போகிறது என்று குழாய் வாய்களை அளந்து குறியுங்கள். சுவர் டிடெக்டர் வைத்து ஓட்டுங்கள், ஆனால் தண்ணீர் இல்லாத பிளாஸ்டிக் குழாயைச் சாதாரண டிடெக்டர் காட்டாது. அந்த அறைக்குப் போகும் லைனை மெயினில் அணைத்துவிட்டு, மெஷினுக்கு வேறு அறையிலிருந்து, கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உள்ள லைனில் கரன்ட் எடுங்கள். 1400 வாட் மெஷின் ஆறு ஆம்பியர் இழுக்கும். 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் 1.5 சதுர மிமீ செம்பு ஒயராக இருந்தால் நாலைந்து வோல்ட்தான் இறங்கும், மெல்லிய 0.5 சதுர மிமீ ஒயரில் 14 வோல்ட் இறங்கி, ஒயர் சூடேறும். சுருளாகச் சுற்றி வைத்தபடி ஓட்டினால் அந்தச் சூடு வெளியேற முடியாமல் உறை இளகும், முழுதும் பிரித்துப் போடுங்கள். வெட்டிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் முதல் வேலை சுவிட்சை அணைப்பது. லாக் போட்ட சுவிட்ச் அப்படியே இருந்தால், கரன்ட் வந்ததும் தரையில் கிடக்கும் மெஷின் துள்ளும். தானாகத் திரும்ப ஓடாத பாதுகாப்பு உள்ள மாடல் கிடைத்தால் அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது தகும்.

தூக்குக்குண்டு விட்டு நேர்க்கோடு பார்த்து, சாயநூல் தட்டி 30 மிமீ இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். ஒற்றை பிளேடு மெஷினில் ஒரே ஓட்டத்தில் முழு ஆழம் இறக்காதீர்கள். முதலில் 10 மிமீ ஆழத்தில் கோட்டைப் பிடியுங்கள், அந்த வெட்டு அடுத்த ஓட்டத்துக்கு வழிகாட்டும், அப்புறம் முழு ஆழம். பிளேடு உள்ளே இருக்கும்போது மெஷினைத் திருகிக் கோட்டைச் சரிசெய்யப் பார்த்தால் பிளேடு இறுகி உதைக்கும். கோடு விலகினால் வெளியே எடுத்து மறுபடி இறக்குங்கள். உடம்பு பிளேடின் நேர்க்கோட்டில் இல்லாமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். ஏணியில் நின்று வெட்டக் கூடாது, இரு கையும் மெஷினில் இருக்கும்போது பிடிக்கக் கை இல்லை. பலகை போட்ட சாரம் வையுங்கள். வால் சேசர் என்றால் செங்குத்துக் காடியை மேலிருந்து கீழே இழுப்பதுதான் வழக்கம், கூட்டின் மேல் திசை அம்பு இருக்கும். போகும் திசையை மெஷின் லேசாக எதிர்க்க வேண்டும். தானே ஓடப் பார்த்தால் திசை தலைகீழ்.

பாக்ஸ் வைக்கும் இடத்தில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. பிளேடு வட்டம் என்பதால், 110 மிமீ பிளேடு 34 மிமீ ஆழத்தில் இருக்கும்போது, அடிப்புள்ளிக்கு அப்பால் சுவர் முகத்தில் 50 மிமீ கூடுதலாக வெட்டியிருக்கும். பாக்ஸின் மூலை வரை முழு ஆழம் வேண்டும் என்று ஓட்டினால் கோடு இரண்டு இஞ்ச் வெளியே போய்விடும், சுவிட்ச் தட்டுக்கு வெளியே கீறலாகத் தெரியும். சுவர் முகத்து வெட்டைப் பாக்ஸ் கோட்டோடு நிறுத்துங்கள். நான்கு மூலையிலும் 8 மிமீ பிட்டால் முழு ஆழத்துக்குத் துளை போட்டு, மீதியை உளியால் எடுங்கள். நாலரை இஞ்ச் சுவரில் இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக 50 மிமீ ஆழப் பாக்ஸ் வைத்தால் நடுவில் மெல்லிய செங்கல்தான் மிஞ்சும். ஒரு செங்கல் நீளமாவது, அதாவது 230 மிமீ, தள்ளி வையுங்கள்.

இரண்டு வெட்டுக்கும் நடுவில் நிற்கும் திட்டை உடைப்பதில்தான் சுவர் கெடுவதும் பிழைப்பதும். கெட்டியான சேம்பர் செங்கல், ஃபிளை ஆஷ் கல் என்றால் நடுவில் மூன்றாவது வெட்டு ஒன்று போட்டுவிடுங்கள். தூள் கொஞ்சம் கூடும், ஆனால் திட்டு இரண்டு மெல்லிய சில்லாகிவிடும், கைச் சுத்தியலும் உளியுமே போதும். ஹேமர் ஓட்டினால் உளியைச் சுவருக்கு நேரே குத்தாதீர்கள். காடியின் நீளவாக்கில், சுவரிலிருந்து 30 டிகிரி சாய்வில் வைத்து, மேலிருந்து கீழாகச் சீவிக்கொண்டு வாருங்கள். நேரே அடிக்கும் அடி மறுபக்கப் பூச்சுக்குத்தான் போய்ச் சேரும். தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று வெற்றோசை வரும் இடம் அப்படிப் பிரிந்த இடம். வெட்டே போடாமல் ஹேமரை மட்டும் வைத்து இரண்டு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். 30 மிமீ காடி 70 மிமீ பள்ளமாகும், ஓரப் பூச்சு தகடு தகடாக எழும்பும்.

வெட்டும்போது மஞ்சள் பொறி பறந்தால் பிளேடு கம்பியைத் தொட்டிருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். பில்லரையும் பீமையும் எந்தக் காரணத்துக்கும் வெட்டக் கூடாது. நம் வீடுகளில் கதவு, ஜன்னலுக்கு மேல் ஏழடி உயரத்தில் சுவர் முழுக்க ஓடும் கான்கிரீட் பட்டையான லிண்டல் மட்டும் தவிர்க்க முடியாத இடம், தளத்திலிருந்து வரும் எல்லா இறக்கமும் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். லிண்டலில் கம்பி படுக்கைவசமாக ஓடுகிறது, செங்குத்துக் காடி அதன் குறுக்கே போகும். அந்த உயரத்தில் மட்டும் பூச்சையும் கம்பிக்கு மேலிருக்கும் கான்கிரீட் மூடியையும் எடுத்து, கம்பி தெரிந்ததும் நிறுத்துங்கள். பூச்சு 15, மூடி 20 என்றால் 35 மிமீ கிடைக்கும். அதில் 20 மிமீ பைப் நன்றாக உட்காரும். 25 வேண்டும் என்று கம்பியை அறுப்பதைவிட, இரண்டு 20 மிமீ பைப்பாகப் பிரித்துக் கொண்டுபோகலாம்.

சுவர் சேம்பர் செங்கல் இல்லையென்றால் தேர்வும் மாறும். காற்றுக் குமிழி நிறைந்த லேசான ஏஏசி பிளாக்குக்கு ஹேமர் வேண்டவே வேண்டாம்; கையால் இழுக்கும் காடிக் கருவியே வெட்டிவிடும். ஹாலோ பிளாக்கில் பிளேடு மெல்லிய முகத்தைத் தாண்டி வெற்றிடத்துக்குள் போய்விடும், செங்குத்தாக மட்டும் வெட்டுங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டில் ஹேமர் அதிர்வு பக்கத்துக் கல்லையும் தளர்த்தும். வெட்டு மெஷினும் கைச் சுத்தியலும் மட்டும். காரைக்குடிப் பக்கத்துப் பளபளப்பான சுண்ணாம்புப் பூச்சு உள்ள சுவரில் காடியே போடாதீர்கள். ஒட்டுப் போட்ட இடம் அந்தப் பளபளப்போடு சேராது, மேலோட்டமாகக் குழாய் ஓட்டுவதே அந்தச் சுவருக்குச் செய்யும் மரியாதை.

புதுச் சுவர் என்றால் கட்டி இரண்டு வாரமாவது ஆகட்டும், பச்சைச் சுவரில் உளி பட்டால் கலவைப் பிடிப்பு விட்டுவிடும்.

பைப் வைத்த பிறகு அவசரம் காட்டினால் இவ்வளவும் வீண். காடித் தூளைப் பிரஷால் தள்ளி, தண்ணீர் அடித்துச் சுவர் குடித்து நிற்கும்வரை விடுங்கள். காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகாமல் மணலாக உதிரும். இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் போட்டுப் பைப்பை அடியோடு அழுத்துங்கள். முனைகளைத் துணியால் அடையுங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையில் முதல் பூச்சு பைப்பைச் சுற்றி இறுக்கி, சுவர் முகத்துக்கு ஐந்து மிமீ உள்ளே நிறுத்துங்கள். மறுநாள் இரண்டாவது பூச்சு. காடிக்கு இரு பக்கமும் இரண்டு இஞ்சாவது ஏறும்படி கோழிவலை ஆணியடித்துப் பூசினால் கோட்டு விரிசல் வராது. ஆனால் பூச்சு முடிந்த சுவரில் வலை உள்ளே உட்கார அந்த அகலத்துக்குப் பழைய பூச்சை ஐந்து மிமீ சுரண்ட வேண்டியிருக்கும். அது முடியாது என்றால் பட்டி பார்க்கும்போது ஃபைபர் நாடா ஒட்டலாம். 18 மீட்டர் காடிக்குப் பைப் போக மீட்டருக்கு 0.7 லிட்டர் வீதம் 13 லிட்டர் கலவை. சேதாரம் சேர்த்துப் பத்துக் கிலோ சிமெண்ட் போதும். குறைந்தது மூன்று நாள் காலை மாலை தண்ணீர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி.

மூடும் முன் தரையிலிருந்தும் பக்கத்துச் சுவர் மூலையிலிருந்தும் டேப் பிடித்து, எண் தெரியும்படி ஒவ்வொரு காடியையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு ஏசிக்கோ ஷெல்ஃபுக்கோ துளை போட வருபவருக்கு அந்தப் படத்தைக் காட்டினால் போதும்.